மன்னார் வளைகுடாவுக்கு ஒரு லைட் குரூசர்: ஸ்பிரிங்ஷார்ப்பில் 1912-ஆம் ஆண்டுக் கப்பலை வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானிய லைட் குரூசர் (வேகமாக ஓடும் சிறிய போர்க்கப்பல்) எம்டன் சென்னையைச் சுட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது தமிழ்நாட்டில் அனைவருக்கும் தெரிந்த கதை. அதன்பின் அது இலங்கையின் கிழக்குக் கரையோரமாக இறங்கி, தெற்கு முனையைச் சுற்றிக் கொழும்புக்கு மேற்கே போனது. அங்கே சில நாட்களுக்குள் ஆறு வணிகக் கப்பல்களைப் பிடித்தது. பாக் நீரிணைக்குள் புகுந்து பாம்பன் வழியாக அது குறுக்கே வந்திருக்கவே முடியாது. எம்டன் பிடிக்கும் தண்ணீர் ஐந்தரை மீட்டர், ஏறத்தாழ 18 அடி. சேதுத் திட்டுகளின் மேல் அவ்வளவு தண்ணீர் இல்லை.

ராமநாதபுரக் கரையிலிருந்து கப்பல் வடிவமைப்பைப் பழகும் எவருக்கும் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஸ்பிரிங்ஷார்ப் என்ற இலவச மென்பொருள், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான போர்க்கப்பல்களைக் கற்பனையாக வடிவமைப்பதற்கென்றே உருவானது. நீளம், அகலம், பீரங்கி, கவசம், எஞ்சின் எல்லாம் கொடுத்தால், கப்பல் மிதக்குமா, கவிழுமா, அலையில் உடையுமா என்று ஒரு அறிக்கை தரும். அதைத் திறந்தவுடன் பெரும்பாலோர் பீரங்கிப் பக்கத்துக்குத்தான் ஓடுகிறார்கள். அது தலைகீழ் வழி. கப்பல் ஓடப்போகும் கடலில் தொடங்கி கடைசியில்தான் பீரங்கிக்கு வர வேண்டும். ஏன் என்பது எடைக் கணக்குக்கு வரும்போது புரியும்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கப்பலை முழுதாகக் கட்டப்போகிறோம். பெயர் ‘சேதுபதி’. 1912-இல் ஏராக்கட்டை வைத்துக் கட்டத் தொடங்கியதாகக் கொள்வோம். எண்களைத் தாளில் கணக்கிட்டுக்கொண்டே வாருங்கள். மென்பொருள் காட்டும் எண்ணை நம்பலாமா என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தாள்தான்.

வேலையை எழுதிக்கொள்ளுங்கள்

மண்டபம் கரையில் ஒரு ஓடாவியிடம் படகு கட்டக் கேட்டுப் போனால், நீளத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்கும் கேள்வி: “எங்க ஓடப் போகுது தம்பி, வடகடலா தென்கடலா?” பாக் விரிகுடாதான் வடகடல், மன்னார் வளைகுடாதான் தென்கடல். வடகடல் ஆழம் குறைந்தது, வாடைக் காலத்தில்தான் கொந்தளிக்கும். தென்கடல் சீக்கிரமே ஆழப்பட்டுவிடும், கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் நீள அலை உருண்டு வரும். பதிலைக் கேட்டபிறகுதான் அவர் அணியத்தை (முன்முனையை) எவ்வளவு தூக்குவது, வயிற்றை எவ்வளவு விரிப்பது என்று கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டுவார். குரூசருக்கும் இதே கேள்விதான்.

‘சேதுபதி’க்கு நாம் கொடுக்கும் வேலை: தூத்துக்குடி–கொழும்புப் பாதையையும் கொழும்பு–சென்னைப் பாதையையும் காப்பது, எம்டன் ரகத்துக் கப்பல் எதிர்ப்பட்டால் தனியாக நின்று அடிப்பது. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது தூத்துக்குடி–கொழும்புப் பாதையில்தான். 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ரயில் பயணிகளை ஏற்றிச்செல்லும் நீராவிக் கப்பலும் ஓடத் தொடங்கியது. காக்க வேண்டியதற்குக் குறைவில்லை.

இதிலிருந்து மூன்று முடிவுகள் உடனே வருகின்றன.

பாம்பன் கால்வாயை மறந்துவிட வேண்டும். போர் செய்யத் தகுந்த எந்தக் குரூசரும் அதில் நுழையாது. அதில் நுழையும் அளவுக்கு டிராஃப்டை, அதாவது கப்பல் பிடிக்கும் தண்ணீரை, குறைத்தால் அது குரூசராகவே இருக்காது. எனவே வடகடல் நம் கப்பலுக்கு ஒரு மூடிய பை. கோடியக்கரைப் பக்கமாக மட்டுமே உள்ளே போய் வெளியே வரலாம். தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரம் போட்டிருக்கும் கப்பலைத் தொண்டிக்கு அனுப்ப வேண்டுமென்றால் இலங்கை முழுதையும் சுற்றித்தான் அனுப்ப வேண்டும். வரைபடத்தில் கைக்கெட்டும் தூரம், கடலில் இரண்டு மூன்று நாள் பயணம். ஆகவே ஓடும் தூரம் நிறைய வேண்டும்.

இரண்டாவது, அன்றைய தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் கரையை அண்ட முடியாது. பல மைல் வெளியே நின்று படகில் சரக்கு ஏற்றி இறக்குவார்கள். நிலக்கரிக்குக் கொழும்பு. டிராஃப்டை மிகவும் ஒடுக்க வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் கரையோரத் தீவுத்தொடருக்கு அருகே திரிய வேண்டியிருப்பதால் எம்டனைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பது நல்லது. 16 அடி என்று வைப்போம்.

மூன்றாவது, கச்சான் அலையை எதிர்த்து ஓட வேண்டும். அணியம் உயரமாக வேண்டும்.

ஹல் (கப்பலின் உடல்): நான்கு எண்கள்

மென்பொருளின் முதல் பக்கத்தில் அடியா மீட்டரா என்று தேர்ந்தெடுக்கலாம். 1912-இன் பிரிட்டிஷ் பாணிக் கப்பல் என்பதால் அடியிலேயே வேலை செய்கிறேன். பழைய கப்பல்களோடு ஒப்பிடவும் அதுவே வசதி.

நீர்க்கோட்டு நீளம் 400 அடி. அகலம் 44 அடி. டிராஃப்ட் 16 அடி. நான்காவது எண்தான் புதியவர்களைக் குழப்பும் பிளாக் கோஎஃபிஷியன்ட். கப்பலின் நீருக்கடி உடலைச் சுற்றி ஒரு செவ்வகப் பெட்டி வரைந்தால், அந்தப் பெட்டியில் எத்தனை பங்கைக் கப்பல் நிரப்புகிறது என்பதே அது. சரக்குக் கப்பல் 0.75-க்கு மேலும் போகும். வேகமாக ஓடும் குரூசருக்கு 0.45 முதல் 0.52 வரை. நமக்கு 0.48.

இப்போது தாளில்: 400 × 44 × 16 = 2,81,600 கன அடி. அதில் 0.48 பங்கு 1,35,168 கன அடி. கடல் தண்ணீர் 35 கன அடிக்கு ஒரு டன். வகுத்தால் ஏறத்தாழ 3,860 டன். இதுதான் சாதாரணச் சுமையில் கப்பலின் மொத்த எடை. கப்பல் தள்ளும் தண்ணீரின் எடையும் கப்பலின் எடையும் ஒன்று என்பதால் இதற்கு மேல் ஒரு டன்கூட நமக்குச் சொந்தமில்லை. மென்பொருளில் நீளம், அகலம், டிராஃப்டோடு எடையையோ கோஎஃபிஷியன்டையோ கொடுக்கலாம். ஒன்றைக் கொடுத்தால் மற்றது தானாக வரும். நான் எப்போதும் கோஎஃபிஷியன்டைக் கொடுப்பேன். எடையைக் கொடுத்துவிட்டு அளவுகளை மாற்றிக்கொண்டே போனால், கோஎஃபிஷியன்ட் 0.60-க்கு ஏறிப்போனதைக் கவனிக்காமல் தோணி வயிற்றோடு 28 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஓட ஆசைப்படுவது எளிதில் நேர்ந்துவிடும்.

3,860 டன் என்பது அந்தக் காலத்துக்குப் பொருத்தமா? எம்டன் வடிவமைப்பு எடையில் 3,664 டன். 1912-இல் கட்டத் தொடங்கிய பிரிட்டிஷ் அரெதூசா வகுப்பு ஏறத்தாழ 3,500 டன். எம்டனை வீழ்த்திய ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி 5,400 டன். நாம் நடுவில், சிறிய பக்கத்தை ஒட்டி நிற்கிறோம்.

இன்னொரு எண்ணையும் இப்போதே கணக்கிட்டு வையுங்கள்: ஒரு அங்குலம் அமிழ எத்தனை டன் வேண்டும்? நீர்க்கோட்டில் கப்பலை வெட்டிப் பார்த்தால் தெரியும் பரப்பு, நீள அகலப் பெருக்கத்தில் சுமார் 0.70 பங்கு. 400 × 44 × 0.70 = 12,320 சதுர அடி. அதை 420-ஆல் (35 × 12) வகுத்தால் 29 டன் சொச்சம். ஆக, ஒவ்வொரு 29 டன்னுக்கும் கப்பல் ஒரு அங்குலம் இறங்கும். இந்த எண் பிறகு கவசத்தில் நம்மைக் காப்பாற்றும்.

ஃப்ரீபோர்டு

தண்ணீருக்கு மேல் கப்பலின் பக்கச்சுவர் நிற்கும் உயரம்தான் ஃப்ரீபோர்டு. அடியில் நீளத்தின் வர்க்கமூலத்தை 1.1-ஆல் பெருக்கினால் அணியத்துக்குப் போதுமான உயரம் கிடைக்கும் என்பது கப்பல் வடிவமைப்பாளர்களின் பழைய கைவிதி. 400-இன் வர்க்கமூலம் 20. எனவே 22 அடி. அணிய மேடையின் பின்முனையில் 20 அடி, அதன்பின் ஒரே படியாக இறங்கி நடுவிலும் பின்புறத்திலும் 12 அடி.

படி வைக்காமல் கப்பல் முழுதும் உயரமாக வைத்தால் நனையாது என்று தோன்றும். உண்மைதான், ஆனால் மேலே ஏறும் ஒவ்வொரு அடி எஃகும் எடை. அந்த எடை உயரத்தில் உட்காருகிறது. அறிக்கையில் ‘சீபோட் குவாலிட்டி’ என்ற வரி 1.00-க்கு மேல் இருந்தால் நல்ல கடலோடி. தென்கடலுக்கு 1.10 இலக்கு வையுங்கள். முன்பக்கம் நனையும் என்று எச்சரிக்கை வந்தால் அணியத்தை ஒன்றிரண்டு அடி தூக்குங்கள், நடுவைத் தொடாதீர்கள்.

எஞ்சினும் நிலக்கரியும்

மென்பொருள் ‘இயல்பு வேகம்’ என்று ஒன்றைக் காட்டும். நீள அடியின் வர்க்கமூலத்தை ஒட்டிய எண் அது. நம் 400 அடிக்கு சுமார் 20 நாட். அதைத் தாண்டி ஓட ஓட எஞ்சின் சக்தியில் பெரும்பங்கு அலை எழுப்பவே செலவாகும்.

எவ்வளவு சக்தி வேண்டும் என்று தாளில் தோராயம் போட அட்மிரால்டி குணகம் என்ற வழி உண்டு: எடையின் மூன்றில் இரண்டாம் அடுக்கை வேகத்தின் மும்மடியோடு பெருக்கிக் குதிரைத்திறனால் வகுப்பது. சிட்னிக்கு (25,000 குதிரைத்திறன், 25.5 நாட்) இது 204 அளவில் வருகிறது. அரெதூசாவுக்கு (40,000 குதிரைத்திறன், 28.5 நாட்) 133-க்கு இறங்குகிறது; அலை தின்ற சக்தி அவ்வளவு. ‘சேதுபதி’க்கு 25 நாட் வைத்து 200 என்று எடுத்தால் 19,200 குதிரைத்திறன். மென்பொருள் சொல்வது இதைவிடக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்தால் எங்கேயோ ஒரு எண்ணைத் தப்பாகத் தட்டியிருக்கிறோம் என்று பொருள்.

27 நாட் ஆசை வரும். (27/25)-இன் மும்மடி 1.26. குறைந்தது 26 சதவீதம் கூடுதல் சக்தி, உண்மையில் அதற்கும் மேல். எம்டன் 23.5 நாட் ஓடும் கப்பல். அதைப் பிடிக்க 25 போதும். பல வாரம் கடலில் கிடந்து அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் படிந்த கப்பலுக்கும் தொட்டி மாதிரி வெந்நீராய்க் கிடக்கும் நம் கடலுக்கும் இடம் விட்டு 25.

எஞ்சின் பக்கத்தில் நிலக்கரிப் பாய்லர், நீராவி டர்பைன், நேரடி இணைப்பு, நான்கு சுழலித் தண்டு என்று தேர்ந்தெடுங்கள். எஞ்சின் ஆண்டு என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். அதை 1912-லேயே விடுங்கள். 1920 என்று போட்டால் எஞ்சின் எடை சட்டென்று குறையும். கப்பல் காகிதத்தில் அழகாகும், வரலாற்றில் பொய்யாகும்.

எண்ணெய்ப் பாய்லர் எடை குறைவு, அரெதூசா வகுப்பும் எண்ணெயில்தான் ஓடியது. பிறகு ஏன் நிலக்கரி? கொழும்பில் மலைபோல் கிடைப்பது நிலக்கரி என்பதால். எம்டனும் பிடித்த கப்பல்களின் நிலக்கரியில்தான் உயிர் வாழ்ந்தது. செப்டம்பர் இறுதியில் அது பிடித்த பூரெஸ்க் நல்ல வேல்ஸ் நிலக்கரி ஏற்றி வந்த கப்பல். நிலக்கரிக்கு இன்னொரு பயனும் உண்டு. பக்கச்சுவரை ஒட்டிய நிலக்கரி அறை குண்டுச் சிதறலைத் தாங்கும்.

ஓடும் தூரம்: 12 நாட்டில் 4,000 கடல் மைல். இடைவிடாமல் ஓடினால் பதினான்கு நாள். கொழும்பிலிருந்து சென்னை இலங்கையைச் சுற்றி ஏறத்தாழ 600 கடல் மைல். போய்த் திரும்பி, நடுவில் முழு வேகத்தில் துரத்த வேண்டியும் வந்தால் இந்த அளவு கையில் இருந்தாக வேண்டும். முழு வேகத்தில் நிலக்கரி கரையும் வேகம் 12 நாட்டைப்போலப் பல மடங்கு என்பதை நினைவில் வையுங்கள்.

பீரங்கி

இப்போதுதான் பீரங்கிப் பக்கத்தைத் திறக்கிறோம். எம்டனிடம் பத்து 10.5 சென்டிமீட்டர் பீரங்கி. சிட்னியிடம் எட்டு 6 அங்குலப் பீரங்கி. எண்ணிக்கையில் எம்டன் பெரிது. ஆனால் பக்கவாட்டில் ஒரே நேரத்தில் சுடக்கூடியவை இரண்டிலும் ஐந்துதான். மற்றவை எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். எம்டனின் குண்டு ஒன்று 38 பவுண்டு, ஐந்துக்கு 190. சிட்னியின் குண்டு 100 பவுண்டு, ஐந்துக்கு 500. 1914 நவம்பர் 9 காலையில் கொக்கோஸ் தீவுக்கருகே நடந்ததை இந்த இரண்டு எண்களே பாதி சொல்லிவிடும். எம்டனின் பீரங்கிகள் அதிகம் நிமிர்ந்து தொலைவில் சுட்டன, முதல் சில நிமிடங்களில் சிட்னியைத் துல்லியமாகத் தாக்கித் தூரமளக்கும் கருவியை உடைத்தன. அப்படியும் சிட்னியில் நால்வர் இறந்தார்கள், எம்டனில் 130-க்கும் மேற்பட்டோர்.

‘சேதுபதி’க்கு ஐந்து 6 அங்குலப் பீரங்கி, ஐந்தும் நடுக்கோட்டில். முன்னால் ஒன்று, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு. பின்னால் உள்ளதில் ஒன்று மற்றதன் தலைக்கு மேல் சுடும்படி உயர்த்தி. நடுக்கோட்டில் நிற்பதால் எந்தப் பக்கமும் ஐந்தும் சுடும். சிட்னி எட்டுப் பீரங்கி சுமந்து எறிந்த 500 பவுண்டை நாம் ஐந்தில் எறிகிறோம். மூன்று பீரங்கியும் அவற்றின் ஆட்களும் குண்டும் மிச்சம். 5,400 டன் கப்பலின் அடியை 3,860 டன்னில் கொண்டுவர இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. 1912-இல் லைட் குரூசருக்கு இது சற்று முற்போக்கான அமைப்பு. ஆனால் ஒன்றின் தலைக்கு மேல் ஒன்று சுடும் அமைப்பு பெரிய போர்க்கப்பல்களில் அதற்கு முன்பே வந்துவிட்டதால் காலப்பிழை ஆகாது. பின்னாளில் பிரிட்டனின் சி வகுப்புக் குரூசர்களும் நடுக்கோட்டில் ஐந்து 6 அங்குலத்துக்கே வந்து சேர்ந்தன.

பீரங்கிக்கு 150 குண்டு. 5 × 150 × 100 பவுண்டு, அதாவது குண்டு மட்டும் 33 டன்னுக்கு மேல். வெடிமருந்து தனி. அறிக்கையில் ‘ரீகாயில் எஃபெக்ட்’ 1.00-ஐத் தாண்டினால் பக்கவாட்டில் சுடும் கோணம் கட்டுப்படும் என்று பொருள்; தாண்டவிடாதீர்கள். நீருக்கடியில் இரண்டு 18 அங்குல டார்பிடோக் குழாய் போதும். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

கவசம்: தாளில் தெரியும் உண்மை

ஒரு சதுர அடி, ஒரு அங்குலத் தடிமன் எஃகு 40.8 பவுண்டு. இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் கவசப் பக்கம் முழுதும் திறந்த புத்தகம்.

பெல்ட் என்பது நீர்க்கோட்டை ஒட்டிப் பக்கச்சுவரில் ஓடும் கவசப் பட்டை. பாய்லர் அறையும் எஞ்சின் அறையும் மூடும்படி 200 அடி நீளம், 8 அடி உயரம், 2 அங்குலத் தடிமன். இரண்டு பக்கமும் சேர்ந்து 3,200 சதுர அடி. 81.6-ஆல் (40.8-இன் இரு மடங்கு) பெருக்கி 2,240-ஆல் (ஒரு டன்னுக்கு அத்தனை பவுண்டு) வகுத்தால் சுமார் 117 டன்.

மேல்தளக் கவசம் வெறும் 1 அங்குலம், நீர்க்கோட்டுப் பரப்பு முழுதும்: 12,320 × 40.8, சுமார் 224 டன். பாதித் தடிமன், ஆனால் ஏறத்தாழ இரட்டை எடை. படுத்திருக்கும் எஃகு அவ்வளவு விலை கேட்கிறது. எஞ்சின் பகுதிக்கு மட்டும், 200-க்கு 40 அடி என்று மூடினால் 146 டன். நீங்கள் வைத்திருக்கும் பதிப்பு தளக் கவசத்தை எந்தப் பரப்புக்குக் கணக்கிடுகிறது என்பதை எடைப் பட்டியலைப் பார்த்து இந்த இரண்டு எண்களோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எம்டனுக்குப் பெல்ட்டே கிடையாது, உள்ளே சரிந்த கவசத் தளம் மட்டும்தான். பெல்ட் கொண்ட லைட் குரூசர் அன்று புதிய சிந்தனை. நமக்கு 2 அங்குல பெல்ட், 1 அங்குலத் தளம், பீரங்கிகளுக்கு முன்புறக் கேடயம், தளபதி நிற்கும் கோபுரத்துக்கு 4 அங்குலம். எல்லாம் 370 டன்னுக்குள்.

பெல்ட்டை எங்கே வைப்பது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். 8 அடி உயரத்தில் 3 அடி நீருக்குள், 5 அடி நீருக்கு மேல் என்று வைத்தோம். இது சாதாரணச் சுமைக்கு. கொழும்பில் நிலக்கரியை வாய்வரை நிரப்பி 400 டன் கூடுதலாக ஏற்றிப் புறப்பட்டால்? ஒரு அங்குலத்துக்கு 29 டன் என்று முன்பே கணக்கிட்டோம். கப்பல் சுமார் 14 அங்குலம் இறங்கும். டிராஃப்ட் 17 அடி 2 அங்குலம். நீருக்கு மேல் பெல்ட் 3 அடி 10 அங்குலம் மட்டுமே. பெல்ட்டை இன்னும் கீழே வைத்திருந்தால் துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போதே பெரும்பகுதி மூழ்கியிருக்கும். மென்பொருள் பெல்ட்டின் உயரத்தைக் கேட்டு எடை போடும். முழுச்சுமையில் அது எங்கே நிற்கும் என்பதைத் தாளில் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எடைக் கணக்கு: மென்பொருளின் இதயம்

ஸ்பிரிங்ஷார்ப் ‘முடியாது’ என்று சொல்லாது. பத்துப் பீரங்கி கேட்டால் பத்தும் வைக்கும். 6 அங்குல பெல்ட் கேட்டாலும் மாட்டும். மொத்த எடையிலிருந்து பீரங்கி, கவசம், எஞ்சின், எரிபொருள், சரக்கு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சுவதைத்தான் கப்பலின் உடம்புக்கு, அதாவது ஏரா, விலா, தகடு, தளங்களுக்கு ஒதுக்கும். நீங்கள் கூட்டும் ஒவ்வொரு டன்னும் கப்பலின் எலும்பிலிருந்து போகிறது. பீரங்கியை முதலில் வைக்காதீர்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னது இதனால்தான். ஆசைப்பட்டதையெல்லாம் ஏற்றிவிட்டுப் பார்த்தால் நடுக்கடலில் இரண்டாக முறியும் கப்பல் மிஞ்சும்.

‘சேதுபதி’க்கு நான் வைத்துக்கொண்ட பங்கீடு இது: பீரங்கியும் டார்பிடோவும் 190 டன், கவசம் 370, எஞ்சினும் பாய்லரும் 965, எரிபொருள், வெடிபொருள், சரக்கு 850, இதர எடை 60. மொத்தம் 2,435. மீதம் 1,425 டன், 37 சதவீதம், உடம்புக்கு. இது இலக்கு. உங்கள் அறிக்கையில் எண்கள் விலகினால் எந்த வரி எவ்வளவு விலகியது என்று பாருங்கள், அங்கேதான் திருத்தம் வேண்டும்.

அறிக்கையின் கடைசிப் பகுதியில் ‘ஹல் ஸ்ட்ரெங்த்’ மூன்று வரியாக வரும்: குறுக்குவெட்டு, நீளவாட்டு, மொத்தம். மொத்தம் 1.00-க்குக் குறையக்கூடாது. டிஸ்ட்ராயர்களுக்கு அதைவிடக் கீழே விடும் பழக்கம் உண்டு. கச்சான் கடலில் வாரக்கணக்கில் நிற்கவேண்டிய குரூசருக்கு அந்தச் சலுகையை நான் தரமாட்டேன்.

0.93 என்று வந்தால் என்ன செய்வது? இந்த வரிசையில் குறைத்துப் பாருங்கள். முதலில் வேகம், 25-ஐ 24.5 ஆக்குங்கள், அரை நாட்டில் எஞ்சின் எடை கணிசமாக இறங்கும். அடுத்து நிலக்கரி, 4,000 மைலை 3,600 ஆக்கலாம். அதற்கடுத்து தளக் கவசம். பெல்ட்டையும் பீரங்கியையும் கடைசிவரை தொடாதீர்கள். எம்டனோடு மோத வேண்டிய வேலைக்கு அவைதான் ஆதாரம். கப்பலைப் பெரிதாக்குவது எளிது என்று தோன்றும். 20 அடி நீட்டினால் எடை இடம் கிடைக்கும், ஆனால் நீண்ட கப்பலுக்கு நீளவாட்டு வலிமை அதிகம் வேண்டும். கிடைத்ததில் ஒரு பகுதி அதற்கே போய்விடும். நீளத்தைக் காட்டிலும் ஒரு அடி அகலம் சேர்ப்பது பலமுறை நல்ல பலன் தரும். நிலைத்தன்மையும் கூடவே ஏறும்.

இதர எடை

60 டன் எதற்கு என்று கேட்கலாம். கம்பியில்லாத் தந்தி, தேடல் விளக்கு, படகுகள் போக வெப்பக்கடல் கப்பலுக்கு இரண்டு செலவு உண்டு. வெடிமருந்து அறையைக் குளிர்விக்கும் எந்திரம் ஒன்று. கார்டைட் மருந்து சூட்டில் கெட்டுப்போகும். கெட்ட மருந்து தூரத்தையும் மாற்றும், தானாக வெடிக்கவும் செய்யும். ராமநாதபுரத்து மே மாத வெயிலில் தளத்தில் கைவைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றது வெயில் பந்தல், காற்றோட்டக் குழாய், குடிநீர் வடிக்கும் கூடுதல் ஏற்பாடு. பாய்லர் அறையில் நிலக்கரி அள்ளும் ஆள் மயங்கி விழுந்தால் 25 நாட் கிடைக்காது. குளிர்க்கடல் கப்பலை அப்படியே நகலெடுக்கும் வடிவமைப்புகளில் இந்த வரி பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது.

நிலைத்தன்மையும் உருளலும்

‘ஸ்டெபிலிட்டி’ 1.00-க்குக் கீழே போனால் கப்பல் கவிழும். 1.10-லிருந்து 1.15 வரை வையுங்கள். மிக அதிகமும் நல்லதல்ல. நிலைத்தன்மை கூடினால் கப்பல் வெடுக்கென்று நிமிரும், பீரங்கிக்காரர் குறி வைக்க முடியாது. ஒரு உருளலுக்கு ஆகும் நொடிகளைக் கணக்கிட, அகல அடியை 0.44-ஆல் பெருக்கி மெட்டாசென்ட்ரிக் உயரத்தின் (சாய்ந்த கப்பல் எவ்வளவு பலமாக நிமிரும் என்பதைக் காட்டும் அளவு) வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். உயரம் 3 அடி என்றால் 11 நொடி. 2 அடி என்றால் 13.7 நொடி. இரண்டாவதில் குறி வைக்க நேரம் அதிகம், ஆனால் பக்கத்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்தால் சாய்வு சீக்கிரம் வரும். மென்பொருளில் ‘டிரிம்’ என்ற நகர்த்தி இதற்குத்தான்: 0 பக்கம் நிலைத்தன்மை, 100 பக்கம் அசையாத பீரங்கித் தளம். 50-இல் தொடங்கி, ‘ஸ்டெடினஸ்’ 60 சதவீதத்தை ஒட்டி வரும்வரை சிறிது சிறிதாக நகர்த்துங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஸ்டெபிலிட்டி வரியைத் திரும்பப் பாருங்கள்.

அடுத்துள்ள இரண்டு வரிகள் இடவசதி பற்றியவை. நீருக்கடியில் உள்ள இடத்துக்குக் குறைந்த எண் நல்லது, மேலே உள்ள இடத்துக்கு அதிக எண் நல்லது. கீழே 100 சதவீதத்தைத் தாண்டினால் எஞ்சினும் மருந்து அறையும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன என்று பொருள். எஞ்சின் சக்தியைக் குறையுங்கள் அல்லது கோஎஃபிஷியன்டை 0.49 ஆக்குங்கள்.

அறிக்கையைச் சேமிக்கும் முறை

ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். மாற்றியதும் அறிக்கையைத் தனிக் கோப்பாகச் சேமித்து, எதை ஏன் மாற்றினீர்கள் என்று முதல் வரியில் எழுதுங்கள். வேகம், கவசம், அகலம் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் வலிமை எதனால் ஏறியது என்பது தெரியவே தெரியாது.

அறிக்கை நிறைவாக வந்ததும் ஒரு சோதனை மீதி. எம்டனின் அளவுகளைப் புதிய கோப்பில் கொடுத்துப் பாருங்கள்: நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5, டிராஃப்ட் 5.53, 13,500 குதிரைத்திறன் அளவில் நீராவி மூன்று கட்டமாக விரியும் பிஸ்டன் எஞ்சின், பத்து 10.5 சென்டிமீட்டர் பீரங்கி. நீளம் மொத்த நீளம் என்பதால் நீர்க்கோட்டுக்குக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். உண்மையில் கடலோடிய அந்தக் கப்பலுக்கு மென்பொருள் என்ன வலிமை, என்ன நிலைத்தன்மை தருகிறதோ, அதுதான் உங்கள் அளவுகோல். எம்டனுக்கே 0.97 காட்டினால் உங்கள் 0.98-க்காக இன்னும் கவசத்தைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

அது முடிந்தபின் ‘சேதுபதி’யின் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து, நிலக்கரி விகிதத்தைப் பூஜ்யமாக்கி எண்ணெய்க்கு மாற்றுங்கள். மிஞ்சும் எடையைப் பெல்ட்டுக்குக் கொடுத்து 3 அங்குலமாக்கினால் 58 டன் கூடும். எண்ணெயைக் கொழும்புக்கு யார் கொண்டுவருவது என்ற கேள்விக்கு உங்கள் கற்பனை வரலாற்றில் ஒரு பதில் எழுதிய பிறகு இந்த இரண்டாவது கப்பலைத் தொடங்குங்கள்.